கைமுதல் உபதேசமும் காய்ந்த வயிறும்



சூதாடாதே என்று சொல்லித் திருத்திய காலம் ஒன்று இருந்தது. இப்போது ஒழுங்காகச் சூதாடு என்று சொல்லிக்கொடுக்க வாத்தியார்கள் வந்துவிட்டார்கள். கைப்பேசியைத் திறந்தால் நம் தாய்மொழியிலேயே பாடம் நடக்கிறது. போக்கர் என்பது சூது அல்லவாம், தொழிலாம். எந்தத் தொழிலுக்கும் முதல் வேண்டுமாம். அந்த முதலைக் கட்டுப்பாட்டோடு காத்து, ஏற்ற இறக்கங்களைப் பதறாமல் தாங்கினால் ஒருநாள் மேலே வந்துவிடலாமாம். பேங்க்ரோல் என்று அவர்கள் சொல்வதைக் கைமுதல் என்று நாம் சொல்வோம். தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் சயான் கோலிவாடாவிலும் பகலெல்லாம் மூட்டை சுமந்த தம்பிமார்கள், நள்ளிரவுக்கு மேல் போர்வைக்குள் விளக்கெரியும் திரையில் இந்தப் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பாடம் பொய் என்று நாம் சொல்லவில்லை. கணக்கு சரியான கணக்குத்தான். ஆனால் யாருடைய சட்டைப்பைக்கு எழுதப்பட்ட கணக்கு அது? அதைத்தான் கேட்கிறோம்.

எடுத்துக்காட்டாக ஒரு பந்தயத்தைப் பார்ப்போம். ஆயிரம் பேர் சேருகிறார்கள். ஆளுக்கு 110 ரூபாய். அதில் 100 பரிசுக்குப் போகிறது, 10 ரூபாய் நடத்துகிறவனுக்கு. ஆட்டம் தொடங்குமுன்பே நடத்துகிறவனுக்கு 10,000 ரூபாய் கிடைத்துவிட்டது. யார் வென்றாலும் தோற்றாலும் அவனுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மீதி ஒரு இலட்சத்தை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பதில்லை. நூறில் பதினைந்து பேருக்கு, அதாவது 150 பேருக்குத்தான் பணம். அந்த 150 பேரிலும் பெரும்பாலோர்க்குக் கட்டிய பணத்தைக் காட்டிலும் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். பெரிய தொகையெல்லாம் கடைசி மேசையில் மிஞ்சும் நாலைந்து பேருக்கு. 850 பேர் வெறுங்கையோடு எழுந்து போகிறார்கள்.

சராசரி ஆட்டக்காரன் ஒருவன் தொடர்ந்து பத்துப் பந்தயம் ஆடி ஒன்றில்கூடப் பணம் காணாமல் போக எவ்வளவு வாய்ப்பு? ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. இருபதிலும் காணாமல் போவதற்கு இருபத்தாறில் ஒன்று. இரவுக்கு ஐந்து என்று ஆடுகிறவனுக்கு இருபது பந்தயம் என்பது நாலே இரவு. நல்ல கெட்டிக்காரன், நூறில் இருபது முறை பணம் எடுப்பவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் பத்துப் பந்தயம் அடுத்தடுத்து வறண்டுபோக ஏறத்தாழ ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. இதைத்தான் ஏற்ற இறக்கம் என்கிறார்கள். இறக்கம் என்பது ஆட்டத்தில் நேர்ந்த விபத்து அல்ல, ஆட்டமே அப்படிக் கட்டப்பட்டது. அதனால்தான் வாத்தியார்கள் எச்சரிக்கிறார்கள்: நூறு முதல் இருநூறு நுழைவுக் கட்டணம் கைமுதலாக வைத்துக்கொள், அது வீட்டுச் செலவுக்குத் தேவைப்படாத பணமாக இருக்கட்டும் என்று.

வீட்டுச் செலவுக்குத் தேவைப்படாத பணம்! நம் வீடுகளில் அந்தப் பெயருடைய பணம் எந்தப் பானையில் இருக்கிறது? 110 ரூபாய்ப் பந்தயத்துக்கு நூறு கட்டணம் என்றால் 11,000 ரூபாய். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டியது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், முகாதமிடம் வாங்கிய முன்பணம், மளிகைக்கடைப் பாக்கி எல்லாம் போக 11,000 ரூபாயைத் தூங்கவைத்திருக்கும் குடும்பம் நமக்குள் எத்தனை?

சரி, இருக்கிறது என்றே வைப்போம். ஆள் கெட்டிக்காரன், ஒவ்வொரு பந்தயத்திலும் சராசரியாகப் பத்து சதவீத இலாபம் பார்ப்பவன் என்றும் வைப்போம். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர், ஆனாலும் வைப்போம். ஒரு பந்தயத்துக்கு 11 ரூபாய். நூறு பந்தயத்துக்கு 1,100 ரூபாய். ஒரு பந்தயம் சராசரியாக இரண்டு மணி நேரம் என்றால் இருநூறு மணி நேரத் தூக்கம் அதில் போயிற்று. மணிக்கு ஐந்தரை ரூபாய்! நாக்காவில் நின்று இந்தக் கூலிக்கு வா என்று எவனாவது கூப்பிட்டால் நம் ஆள் அவனை என்ன செய்வான் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த 1,100 ரூபாயும் நூறு பந்தயத்தின் முடிவில் நிச்சயமாகக் கையில் இருக்கும் என்பதல்ல. கெட்டிக்காரனின் இலாபம் வெளியே தெரிய ஆயிரக்கணக்கான பந்தயங்கள் ஆட வேண்டும். நெடுங்காலத்தில் திறமை வெல்லும் என்கிறார்கள். வெல்லட்டும். நம்மவன் கையில் இருப்பது நெடுங்காலமல்ல, ஒரு மாதச் சம்பளம்.

இதிலே இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல், ஹைகன்ஸ் போன்ற அறிஞர்கள் தொட்ட கணக்கு. இரண்டு பேர் காசைச் சுண்டி ஆடுகிறார்கள். காசில் கள்ளம் இல்லை, பூவோ தலையோ சரிபாதி வாய்ப்பு. ஒவ்வொரு சுண்டலுக்கும் ஒரு ரூபாய். ஒருவனிடம் 10 ரூபாய் இருக்கிறது, மற்றவனிடம் 990. எவன் கையாவது காலியாகும்வரை ஆட்டம் நிற்காது. யார் காலியாவார்? நூறில் தொண்ணூற்றொன்பது முறை பத்து ரூபாய்க்காரன்தான். ஆட்டத்தில் அநியாயமே இல்லை. ஆட வந்தவர்களின் மடியில்தான் அநியாயம் இருந்தது. போக்கர் பந்தயங்களில் மறுநுழைவு என்று ஒரு ஏற்பாடு உண்டு. தோற்று வெளியேறியவன் மீண்டும் கட்டணம் கட்டி உள்ளே வரலாம். இருக்கிறவன் மூன்று முறை வருவான். இல்லாதவன் ஒரு முறையோடு போவான். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, சீட்டுக்குச் சாதியும் தெரியாது பணமும் தெரியாது என்று சமத்துவம் பேசுகிறார்கள்!

இந்த ஆட்டத்தில் பிழைப்பு நடத்தும் பெரிய ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பலர் தங்கள் சொந்தப் பணத்தை மட்டும் வைத்து ஆடுவதில்லை. முதல் போடுகிறவன் ஒருவன் பின்னால் இருப்பான். இலாபத்தில் பங்கு அவனுக்கு, நட்டமும் அவன் தலையில். அல்லது நாலு பேர் ஒருவர் ஆட்டத்தில் ஒருவர் பங்கு வாங்கிக்கொள்வார்கள். ஒருவன் விழுந்தால் மற்றவன் தாங்குவான். கூட்டுறவு! சங்கம் சேருங்கள் என்று நாம் ஆண்டுக்கணக்கில் தொண்டை வறளச் சொன்னதை அவர்கள் சீட்டாட்டத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் தம்பி மட்டும் போர்வைக்குள் தனியாக ஆடுகிறான்.

இது திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டமல்ல என்ற வாதம் பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் ஓடுகிறது. ரம்மியில் திறமையே மிகுதி என்று உச்சநீதிமன்றம் 1968லேயே சொன்னது. போக்கர் சூதாட்டமே என்று 2017இல் குஜராத் உயர்நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் உயிர்கள் போன பிறகு, 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, சட்டம் இயற்றி, ஆளுநர் திருப்பியனுப்ப, 2023இல் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அந்தத் தடையிலிருந்து அவற்றை விலக்கிவிட்டது. பிறகு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று தமிழக அரசு விதி செய்தது. 2025 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. திறமையா அதிர்ஷ்டமா என்ற இந்தப் பட்டிமன்றத்தில் நமக்கு அக்கறை குறைவு. திறமை என்றே ஒப்புக்கொள்கிறோம். வட்டித் தொழிலும் திறமைதான்!

டில்லி அரசின் கதையைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் இந்த ஆட்டங்களின் நிகர வெற்றியில் 30 சதவீதம் வரியாகப் பிடித்தார்கள். இந்த ஆண்டின் நட்டத்தை அடுத்த ஆண்டின் வெற்றியில் கழிக்க வழியில்லை. ஏற்றம் வந்தால் அரசுக்குக் கண் தெரியும், இறக்கம் வந்தால் தெரியாது. அந்த அக்டோபர் 1 முதல், கட்டும் பணம் முழுவதற்கும் 28 சதவீத சரக்கு சேவை வரி. 11,000 ரூபாய் கைமுதல் கட்டினால் சட்டப்படி அதில் 2,406 ரூபாய் வரிக்கணக்கு. அதை போனஸ் என்று தாங்களே ஈடுகட்டுவதாகச் சில நிறுவனங்கள் அறிவித்து ஆளிழுத்தன; அது தனிக் கதை. மேலே கண்ட கெட்டிக்காரன் நூறு பந்தயம் ஆடிச் சேர்க்கும் இலாபம் அந்த வரியில் பாதிக்குக்கூடக் காணாது. இரண்டாண்டுக் காலம் இப்படி வரி வாங்கிவிட்டு, 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும், திறமை அதிர்ஷ்டம் என்ற பேதமில்லாமல், நாடாளுமன்றம் தடைசெய்தது. நடத்துகிறவனுக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்கிறவனுக்கு இரண்டாண்டு, 50 இலட்சம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. இந்தத் தடையை நாம் வரவேற்கிறோம். ஆனால் தோற்றவன் பணத்தில் வாங்கிய வரியில் ஒரு பைசாவாவது தோற்ற குடும்பங்களுக்கு வந்ததா என்றும் கேட்கிறோம்.

நம் பக்கத்திலும் கை சுத்தம் என்று சொல்வதற்கில்லை. 1968இல் அண்ணா ஆட்சியில்தான் தமிழ்நாட்டு அரசு லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. 2003இல் தடை வரும் வரை சுரண்டல் சீட்டு எத்தனை கூலிக்காரன் பொழுதைச் சுரண்டியது என்பது ஊர்ப்பக்கம் தெரிந்த கதை.

இந்த நகரத்துக்கும் இது புதிதல்ல. நியூயார்க் பருத்திச் சந்தையின் விலைமீது பந்தயம் கட்டி, அது நின்றதும் பானையில் எண் சீட்டுப் போட்டு எடுத்து, 1960களில் மட்கா என்று வளர்ந்த சூது பம்பாய் ஆலைத் தொழிலாளியின் கூலியைத் தின்றே கொழுத்தது. 1982 ஜனவரி 18 தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் வரிசையாக மூடின. மட்காவும் பழைய செழிப்பை இழந்தது. கூலி வரும் இடத்தில்தான் சூது குடியிருக்கும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? அன்று சம்பள உறை வீட்டுக்கு வந்தது. உறை இளைத்து வந்தால் மனைவிக்குத் தெரியும், மறுநாள் தெருவுக்கே தெரியும். இன்று கூலி வருவதும் கைப்பேசியில், சீட்டு மேசை விரிவதும் அதே கைப்பேசியில். தோற்ற பிறகு கடன் கொடுக்கும் செயலியும் அதிலேதான். ஒரு விரலளவு தூரம். பணம் வந்ததும் போனதும் வீட்டில் எவருக்கும் தெரியாது.

தடை வந்த பிறகும் கதை முடியவில்லை. உள்நாட்டு நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அந்த இடத்தில் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள் நுழைந்துள்ளன. டெலிகிராம் குழுக்களில் ஏஜெண்டுகள் ஆள் பிடிக்கிறார்கள். முன்பணம்கூட வேண்டாம் தம்பி, சிப்ஸ் நான் தருகிறேன், வாரக் கடைசியில் கணக்குப் பார்ப்போம் என்கிறான் ஏஜெண்டு. இங்கே கைமுதல் உபதேசம் முழுக்கவே பொய்த்துப்போகிறது. கடனில் ஆடுகிறவனுக்குக் கைமுதல் ஏது? வென்ற பணத்தை அவன் தராவிட்டால் எந்தக் காவல்நிலையத்தில் போய்ச் சொல்வது? தோற்ற பணத்தை வாங்க மட்டும் தவறாமல் வாசலுக்கு வந்துவிடுவான்.

சீட்டு என்ற சொல் நம் பெண்களிடம் வேறு பொருள் கொண்டது. வீட்டு வேலைக்குப் போகும் இருபது தாய்மார்கள் மாதம் ஆயிரம் கட்டினால் மாதம் ஒருத்திக்கு இருபதாயிரம். ஏலச் சீட்டு நடத்தி ஓடிப்போனவர்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தெரிந்த முகங்களுக்குள் நடக்கும் சீட்டில் ஒருத்தியின் இறக்கத்தை மற்றவர்கள் தாங்குகிறார்கள். கட்டிய பணம் எல்லாருக்கும் திரும்புகிறது. 850 பேரை வெறுங்கையாக அனுப்பும் ஏற்பாடு அதில் இல்லை.

எனவே சங்கத்தின் கிளைகளுக்கு நாம் சொல்வது இது. மாதக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஆடித் தோற்றவனைப் பேர் சொல்லி அவமானப்படுத்தாதீர்கள், அவமானத்துக்கு அஞ்சித்தான் அவன் மேலும் ஆடுகிறான். கிளையின் கடன் நிதியிலிருந்து ஆட்டக் கடனை அடைக்கப் பணம் தருவதானால் அந்த வீட்டுப் பெண்ணின் கையெழுத்தும் சேரட்டும், பணமும் அவர் கணக்கில் போகட்டும். பகுதியில் ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளின் வங்கிக் கணக்கு விவரம் கிடைத்தால் குறித்துவைத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். மிரட்டினாலோ ஏமாற்றினாலோ 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். மனம் உடைந்து தூக்கமின்றிக் கிடப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். எண்ணை அறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.