இரைந்தால் முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள்

சொந்தக் கையால் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் கட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம். ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் உடனே ரிச்சி தெருவில் விலைகூடிய ஐசியோ வால்வோ தேடுவார்கள். மீட்டரைப் பவர் சப்ளையில் வைத்துப் பார்க்கத் தோன்றாது.

இடுக்கி மலைப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் அங்கே பள்ளிவாசலில்தான் ஓடத் தொடங்கியது. அதனால் என்ன? நீண்ட லைனின் கடைசி வீட்டில், எந்த ஊரானாலும், மாலையில் வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். 230 வோல்ட் 180 ஆனால் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 9.4தான் தரும், பிரிட்ஜ் டயோடுகள் தின்றது போகக் கெப்பாசிட்டரில் நிற்பது ஏறக்குறைய 12. 7812 ரெகுலேட்டருக்கோ 14 வோல்ட்டாவது உள்ளே வரவேண்டும். வராவிட்டால் அது கைவிரித்துவிடும். 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் நேரே காதுக்குள். பகலில் சுத்தமாகப் பாடி ராத்திரியில் முனகும் பெட்டிக்கு மருந்து 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், புது ஐசி அல்ல. முனகல் 50 ஹெர்ட்ஸில், இன்னும் தடித்த குரலில் இருந்தால் கிரவுண்ட் வயரிங்கைச் சந்தேகியுங்கள்.

வால்வு செட் விஷயம் வேறு. 6.3 வோல்ட் ஹீட்டர் சாதுதான். பக்கத்திலேயே 250, 300 வோல்ட் நிற்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர் அதை விடாது. குறுக்கே ப்ளீடர் ரெசிஸ்டர் இல்லாத சர்க்யூட்டை, ஒலி எவ்வளவு இனிமை என்று புகழ்ந்தாலும், நான் தொடமாட்டேன். புதிதாகக் கட்டியதை முதல்முறை செருகும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் வையுங்கள். பல்பு பளிச்சென்று நின்றெரிந்தால் உள்ளே ஷார்ட்.