மதுவின் விலையைத் தீர்மானிப்பவர் யார்?

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், பல்லரோச் சந்தையை அண்டி வாழும் எம்மவர்க்கு ஒரு போத்தல் வைன் சில யூரோக்களுக்குக் கிடைக்கின்றது. நோர்வேயில் வாழும் உறவினரோ அதே போத்தலுக்குப் பன்மடங்கு விலை கொடுக்கின்றார். காரணம் கேட்டால், "அது அந்தந்த நாட்டின் பண்பாடு" என்று சொல்லி நழுவிவிடுகின்றோம். இது தவறான விடை. மதுவின் விலையைத் தீர்மானிப்பது பண்பாடு அன்று. வரி விதிக்கும் அதிகாரமும், அந்த அதிகாரம் யாருடைய நலனைக் காக்கின்றது என்பதுமே ஆகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 1992ஆம் ஆண்டு மதுவரிக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுத்தது. வடிசாராயத்துக்கு, 100 லீற்றர் தூய மதுசாரத்துக்கு 550 என்று நாணயக் கணக்கில் அளவு குறித்த அதே சட்டம், வைனுக்குப் பூச்சியம் என்று எழுதியது. திராட்சை விளையும் நாடுகளின் குரல் அதில் வென்றது. இன்றும் இத்தாலியில் வைனுக்கு மதுவரி இல்லை. பெறுமதி சேர் வரி மட்டுமே உண்டு. இங்கு காக்கப்படுவது திராட்சைத் தோட்டம்.

வடக்கே நிலைமை வேறு. நோர்வே 1922இலும், சுவீடன் 1955இலும் மது விற்பனைக்கான அரச நிறுவனங்களை அமைத்தன. வைனும் வடிசாராயமும் பல்பொருள் அங்காடிகளில் கிடைப்பதில்லை. வரியும் மிக அதிகம். சுவீடனின் இவ்வேற்பாடு ஒன்றியச் சட்டத்துக்கு முரணானதன்று என ஐரோப்பிய நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. அங்கு காக்கப்படுவது குடிமக்களின் உடல்நலம்.

இத்தாலியிலும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை சிறு கடைகள் மது விற்பதை 2010ஆம் ஆண்டுச் சட்டமும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதை 2012ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கின்றன. நகர முதல்வர்கள் விற்பனை நேரத்தை மேலும் குறைக்கலாம். அதாவது, தன் தெருவில் எது நடக்க வேண்டும் என்பதில் ஊருக்கும் ஒரு சொல் உண்டு.

எமது தாயகத்தில் அந்தச் சொல் யாரிடம் உள்ளது? மதுபானசாலை அனுமதி கொழும்பில் நிதியமைச்சின் கீழ் இயங்கும் மதுவரித் திணைக்களத்தின் கையில் இருக்கின்றது. வடக்கு உட்பட நாடெங்கும் வழங்கப்பட்ட புதிய அனுமதிப் பத்திரங்களின் பட்டியல் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டபோதுதான், தம் ஊரில் எத்தனை கடைகள் முளைத்தன என்பதை மக்கள் அறிந்தனர். போரால் குடும்பத் தலைவரை இழந்தும், கடனில் மூழ்கியும் தவிக்கும் ஊர்களுக்கு மதுக்கடை வருமுன் அவ்வூர்ப் பெண்களிடம் கேட்டவர் யார்? இங்கு காக்கப்படுவது திறைசேரியும் அனுமதிப் பத்திரம் பெற்றவரின் பணப்பையுமே.

"விலையை உயர்த்தினால் கள்ளச்சாராயம் பெருகும்" என்பர். இதனைப் புறந்தள்ள முடியாது. அரசே மதுக்கடை நடத்தும் தமிழ்நாட்டில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் இது சட்டத்தைச் செயற்படுத்தத் தவறியதன் விளைவு. மலிவு விற்பனைக்கு அது நியாயம் ஆகாது. ஸ்கொட்லாந்து 2018இல் மதுசாரத்தின் அளவுக்கேற்பக் குறைந்தபட்ச விலையை விதித்தது. மதுவை மட்டுமே காரணமாகக் கொண்ட சாவுகள் அதனால் 13.4 விழுக்காடு குறைந்ததாக 2023இல் வெளியான பொதுச் சுகாதார ஆய்வு மதிப்பிட்டது. விலைக் கொள்கையும் கண்காணிப்பும் ஒருங்கே செல்ல வேண்டும் என்பதே பாடம்.

ஆகவே எமது கோரிக்கை தெளிவானது. தாயகத்தில் புதிய மதுபானசாலை எதற்கும் அவ்வூர் மக்களின் ஒப்புதல் கட்டாயமாக்கப்படல் வேண்டும். வரி, போத்தலைப் பார்த்தன்றி, அதனுள் இருக்கும் மதுசாரத்தின் அளவைப் பார்த்து விதிக்கப்படல் வேண்டும்.

பலெர்மோவாழ் உறவுகளே! இங்கு மலிவாகக் கிடைக்கும் வைன் திராட்சைத் தோட்டக்காரருக்கு அரசு அளித்த சலுகை. எமது உடலுக்கு அளித்த உறுதிமொழி அன்று. எமது கடைகளில் 18 வயதுச் சட்டம் மீறப்படாதிருக்கட்டும். எமது விழா மண்டபங்களில் மதுவுக்கு இடம் இல்லாதிருக்கட்டும். ஊரில் ஒரு மதுக்கடையை எதிர்த்துத் தாய்மார் வீதியில் இறங்கும்போது, இங்கிருந்து நாம் எழுப்பும் குரலுக்கு அதுவே தகுதியைத் தரும்.