முன்ஜென்ம வினையா? மூன்றடிப் படியா?

சென்ற மாதம் ஒரு ஜில்லாத் தலைநகரின் பஸ் நிலையத்தில் நாம் நேரில் கண்ட காட்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

தையல் தொழில் செய்யும் தோழர் ஒருவர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு ஒரு கால் சூம்பிப்போனவர். இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றி நின்றார். அவருடைய மூன்று வயதுப் பெண் குழந்தை, அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவருடைய கைகள் இரண்டும் கட்டைக்குப் போய்விட்டபடியால் குழந்தைக்குத் துண்டுதான் கை.

பஸ் வந்தது. குழந்தையை முதலில் ஏற்றினால், இவர் ஏறுவதற்குள் வண்டி நகர்ந்து குழந்தை மட்டும் போய்விடும். இவர் முதலில் ஏறினால் குழந்தை தெருவில் நிற்கும். இப்படி மூன்று பஸ்கள் போய்விட்டன. அப்பொழுது நெற்றி நிறைய விபூதியுடன் வந்த ஒரு பெரிய மனிதர் குழந்தையின் கையில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்து, “எல்லாம் போன ஜென்மத்து வினை. இந்தக் காலை வைத்துக்கொண்டு உனக்குப் பிள்ளை எதற்கப்பா?” என்றார்.

தோழர் காசைத் திருப்பிக் கொடுத்தார். “ஐயா, நான் பிச்சைக்கு வரவில்லை, பஸ்ஸுக்கு வந்தேன். தர்மம் செய்வதானால் குழந்தையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்ளுங்கள், நான் ஏறிவிடுகிறேன்” என்றார். அதற்கு மட்டும் பெரிய மனிதருக்கு நேரமில்லை. பிறகு நாம்தான் குழந்தையை ஏற்றிவிட்டோம். குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து போட ஆஸ்பத்திரிக்குப் போவதாகத் தோழர் சொன்னார். அன்று நாம் இருந்தோம், சரி. மற்ற நாளைக்கு யார் இருப்பார்கள்?

அந்தப் பெரிய மனிதரை மட்டும் நாம் குறை சொல்லவில்லை. அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களைத்தான் கேட்கிறோம். மனுதர்மத்தின் 11-ம் அத்தியாயத்தில், குதிரை திருடினவன் மறுபிறப்பில் நொண்டியாவான் என்றும், விளக்கைத் திருடினவன் குருடனாவான் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். 9-ம் அத்தியாயத்திலோ குருடருக்கும் செவிடருக்கும் ஊமைக்கும் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் மட்டும் கொடுத்தால் போதும் என்று இருக்கிறது. முதலில் குற்றவாளி என்று பட்டம், பிறகு சொத்துப் பறிமுதல்! இதுதான் சாஸ்திரத்தின் கருணை! இந்த அநீதியை ஒழிக்க எந்தக் கடவுளும் அவதாரம் எடுக்கவில்லை. 1928-லும் 1956-லும் மனிதன் செய்த சட்டங்கள்தான் ஊனத்தைக் காட்டிச் சொத்துரிமையைப் பறிப்பதைத் தடுத்தன.

சரி, குதிரைத் திருட்டையே எடுத்துக்கொள்வோம். போலியோ ஒரு கிருமியால் வருவது. பெரும்பாலும் அசுத்தமான தண்ணீர், உணவு, கை வழியாகப் பரவுவது. சொட்டு மருந்தை ஊர் ஊராய், வீடு வீடாய்க் கொண்டுபோய்ப் போட்டார்கள். நம் நாட்டில் இயற்கையாய்த் திரியும் போலியோக் கிருமியால் கடைசியாகக் குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பிரதேசத்தைப் போலியோ ஒழிந்த பிரதேசம் என்று அறிவித்தது. அப்படியானால் 2011-க்குப் பிறகு பிறந்த குழந்தைகள் எல்லாம் முன்ஜென்மத்தில் குதிரை திருடாத யோக்கியர்கள்தானா? சித்திரகுப்தன் கணக்கை இரண்டு சொட்டு மருந்து அழித்துவிட்டதா? வினையை நம்புகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

இனி, “உனக்குப் பிள்ளை எதற்கு” என்ற கேள்விக்கு வருவோம். பிள்ளை வளர்க்கக் கால் வேண்டுமா, அறிவும் அன்பும் வேண்டுமா? நமக்குத் தெரிந்த, பார்வையில்லாத ஒரு தாய் தன் குழந்தையின் காலில் சலங்கை கட்டியிருக்கிறாள். அது அழகுக்குமல்ல, திருஷ்டிக்குமல்ல. குழந்தை எங்கே நடக்கிறது என்று காதால் அறிந்துகொள்ளத்தான். சக்கர நாற்காலியில் செல்லும் இன்னொரு தாய் குழந்தையை மடியில் வைத்துச் சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் வருகிறாள். இவர்களுக்கா குழந்தை வளர்க்கத் தெரியாது? அந்தத் தாய் பிரசவித்த வீட்டிலேயே, “நீ எங்கே வளர்க்கப் போகிறாய், என்னிடம் கொடுத்துவிடு” என்று நாத்தி கேட்டாளாம். ஊனத்தோடு பெண்ணாகவும் பிறந்துவிட்டால் பெற்ற பிள்ளைகூட அவளுக்குச் சொந்தமில்லை என்பதுதானே இதன் அர்த்தம்?

ஆகவே, தடை காலில் இல்லை, படியில்தான் இருக்கிறது. சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடி உயரம். தாழ்தள பஸ்ஸின் தளம் 400 மில்லிமீட்டர். அதில் சாய்பலகையும் உண்டு. முதலாவதில் கட்டை ஊன்றினவர் தம் உடம்பை மேலே ஏற்றுவதே மல்யுத்தம், குழந்தையை யார் ஏற்றுவது? இரண்டாவதில் சக்கர நாற்காலி குழந்தையோடு நேரே உள்ளே போய்விடும். கட்டணச் சலுகை தருகிறோம் என்கிறார்கள். ஏற முடியாத வண்டியில் இலவசமாய்ப் போகலாம் என்பது, பல்லில்லாதவனுக்கு முறுக்கு இனாம் என்பது போலத்தான்.

கட்டிடங்களின் யோக்கியதையும் இதுதான். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சாய்தளம் வேண்டும் என்பது முறை. பல இடங்களில் நாலடியில் முடித்துவிடுகிறார்கள். அது சாய்தளமல்ல, சறுக்குமரம். ஒழுங்காய்க் கட்டிய இடத்திலோ அதன் மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது!

சட்டம் இல்லாமலுமில்லை. ஊனத்தைக் காரணம் காட்டிப் பெற்றோரையும் பிள்ளையையும் பிரிக்கக்கூடாது, குழந்தை வளர்ப்புக்குத் தக்க உதவி செய்ய வேண்டும் என்று கூறும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. 2016-ம் வருஷத்து உரிமைச் சட்டம் பஸ், ரயில், கட்டிடம் எல்லாவற்றையும் எல்லாரும் அணுகும்படி ஆக்கச் சொல்கிறது. இருக்கும் பொதுக் கட்டிடங்களைத் திருத்த, 2017-ல் விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் கெடு. அது 2022-லேயே முடிந்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், இவ்விஷயத்தில் விதிகளை வெறும் சிபாரிசாக வைத்திருப்பது செல்லாது, கட்டாய விதிகளாகச் செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2011 ஜனக்கணக்குப்படி நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். இத்தனை பேருக்கும் கோர்ட்டுக்குப் போய்த்தான் பஸ் ஏற வேண்டுமா? “மாற்றுத்திறனாளி” என்று மரியாதையாய்ப் பேர் வைத்தது நல்லதே. ஆனால் பேர் மாறிப் படி மாறாவிட்டால் என்ன பயன்?

நிற்க. பிறரைக் கேட்கிற நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கூட்டங்கள் எத்தனை ஊர்களில் மாடி மண்டபத்தில் நடக்கின்றன? நம் மேடைகளுக்கு எத்தனை இடத்தில் மர ஏணிதான் வழி? அந்தத் தையற்காரத் தோழர் நம் சுயமரியாதைத் திருமணத்துக்குத் தம் மகளோடு வந்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதானே? கோயிலுக்குள் விடாதவன் ஜாதியைச் சொன்னான். நாம் வாயால் ஒன்றும் சொல்லாமல் படியால் சொல்கிறோம்.

ஆகவே தோழர்களே, இனி நம் கூட்டம் தரைத்தளத்தில் நடக்கட்டும். ஊர்தோறும் பஞ்சாயத்திலும் நகரசபையிலும் சாய்தளம் கேட்டு மனுக் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். சாய்தளத்தில் வண்டி நின்றால் எடுக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் அப்படிப்பட்ட ஒருவர் குழந்தையோடு ஏறினால் இரண்டு பேரும் உட்காரும் வரையில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். உதவி செய்யப் போனால், “என்ன செய்யட்டும்?” என்று அவரையே கேட்டுச் செய்யுங்கள். குழந்தையின் கையில் காசு மட்டும் வைக்காதீர்கள். தன் தகப்பன் பிச்சைக்காரன் என்று ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க எவருக்கும் உரிமையில்லை.