வள்ளியை யானையா ஜெயிக்க வேண்டும்?



பங்குனித் திருவிழாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் பாட்டி ஊருக்குப் போனபோது, சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்' நாடகத்தை முதன்முறையாக முழுசாகப் பார்த்தேன். ராத்திரி பத்துக்கு ஆர்மோனியம் தொடங்கியது, முடிந்தபோது விடிந்திருந்தது.

காதல் நாடகம் என்றால் உருகி உருகிப் பாடுவார்கள் என்று நினைத்தேன். வள்ளியோ வேடனாக வந்த முருகனைக் கேள்விமேல் கேள்வி கேட்டு மடக்குகிறாள். அந்தத் தர்க்கமே ஒரு மணி நேரம். நடித்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. வியர்வையில் பவுடர் கோடுகோடாக இறங்குகிறது, குரல் மட்டும் இறங்கவில்லை. முன்வரிசைப் பாட்டிகள் அடுத்த கேள்வியை அவருக்கு முன்பே முணுமுணுத்தார்கள். கடைசியில் யானையைக் காட்டிப் பயமுறுத்திச் சம்மதம் வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு பேசியவள், பாவம்!

எங்கள் திருவொற்றியூரிலும் ஒரு கதை உண்டு. பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த நாயனார் சுந்தரர், ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை இழந்தார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக அதைப் பார்க்கிறோம். சங்கிலியாரும் நாலு கேள்வி கேட்கிற மாதிரி யாராவது அதை விடிய விடிய நாடகமாக மாட வீதியில் போடட்டும். கன்டெய்னர் லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்க, முன்வரிசையில் முதல் பாய் என்னுடையது.

– கல்லூரி மாணவி, திருவொற்றியூர்