அசையும் வீடு, அசையாத நிலம்

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நாற்காலி, மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் அசையும் சொத்து. நிலமும் வீடும் அசையாச் சொத்து. இதில் சந்தேகம் கேட்டால் புரொபஸர் முறைப்பார்.

ஆனால் இந்தோனேஷியாவில், ஜாவாத் தீவின் கிராமங்களில் வீடு அசையும் ஸார்!

'ஜோக்ளோ' என்று ஒரு பழைய ரக வீடு. நடுவில் நாலு தேக்குத் தூண்கள், மேலே கோபுரம் மாதிரி எழும்பி நிற்கும் ஓட்டுக்கூரை. மரத்தில் துளை போட்டு, இன்னொரு மரத்தைச் செருகி நிறுத்திவிடுகிறார்கள். ஆணிக்கு அநேகமாக வேலையே இல்லை. அதனால் கழற்றலாம், லாரியில் ஏற்றலாம், வேறு ஊரில் கொண்டுபோய் மாட்டலாம். இப்படிக் கழன்று போன ஜோக்ளோக்கள் பல, இன்று பாலித் தீவில் ஹோட்டலாக நின்று டாலர் சம்பாதிக்கின்றன. 'வீடு விற்பனைக்கு' என்றால், மனையும் சேர்த்தா என்று தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் சில நாட்கள் தங்கியது க்ளாத்தென் ஜில்லாவில். யோக்யகர்த்தாவுக்கும் சோலோவுக்கும் நடுவில் இருக்கிறது. 2021-ல் விட்ட மின்சார ரயிலில் போய் இறங்கினால், ஸ்டேஷன் வாசலில் 'ஓஜெக்' நிற்கும். ஓஜெக் என்றால் மோட்டார் சைக்கிள் டாக்ஸி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் ஸீட்டில் உட்கார வேண்டியதுதான். இரண்டு பக்கமும் நெல். தூரத்தில் மெராப்பி எரிமலை, தாத்தா சுருட்டு பிடிக்கிற மாதிரி சாவகாசமாகப் புகை விட்டுக்கொண்டிருக்கும்.

கிராமத்துக்கு அங்கே பெயர் 'தேசா'. நம்ம தேசம்தான், சமஸ்கிருதத்திலிருந்து போனது. தேசத்துக்கு ஒரு தலைவர். அவருக்கு அந்தக் காலத்தில் சம்பளம் பணமாக இல்லை, பதவியில் இருக்கும்வரை உழுதுகொள்ள நிலம். அதற்கு 'பெங்கொக்' என்று பெயர். அதே சொல்லுக்குக் 'கோணல்' என்றும் அர்த்தம் உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை! 2014 கிராமச் சட்டம் வந்தபிறகு தலைவருக்கு மாதாமாதம் பணமாகவே ஊதியம் ஏற்பாடாகியிருக்கிறது.

நான் தங்கிய வீட்டுப் பிள்ளைக்கு முப்பது வயசிருக்கும். ஜகார்த்தா பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. லீவில் வந்திருந்தார். என்னை 'மாஸ்' என்று கூப்பிட்டார். ரஜினி படத்து மாஸ் என்று நினைத்து ஒரு நிமிஷம் பூரித்துவிட்டேன். ஜாவா பாஷையில் 'அண்ணா' என்று அர்த்தமாம்.

அப்பாவுக்கு நிலம் 0.4 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் ஒரு ஏக்கர். அரை ஹெக்டேருக்குக் குறைவாகப் பயிரிடுகிறவர்களுக்கு அரசாங்கப் புள்ளிவிவரத்தில் ஒரு பட்டம் உண்டு: 'குரேம்' விவசாயி. குரேம் என்றால் கோழியின் மேல் ஊரும் பேன்! சர்க்கார் வேண்டுமென்றே வைத்த பெயரில்லை, ஊர் வழக்குதான். இந்தோனேஷியா முழுவதும் 2013-ல் சுமார் 1 கோடியே 42 லட்சம் குரேம் குடும்பங்கள் இருந்தன. 2023 கணக்கெடுப்பில் அது சுமார் 1 கோடியே 69 லட்சம். இத்தனைக்கும் ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் குறைந்தது 2 ஹெக்டேர் கிடைக்கச் செய்ய அரசு முயல வேண்டும் என்று 1960-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. முயன்றுகொண்டே இருக்கிறார்கள் போலிருக்கிறது.

நிலம் ஏன் சுருங்குகிறது? பாகப்பிரிவினைதான். ஜாவாவில் அதற்கு இரண்டு வழக்கம். ஒன்றில் பையனுக்குக் காவடிச் சுமை, பெண்ணுக்கு முதுகுச் சுமை. காவடியில் இரண்டு பக்கமும் தொங்குமே, அதனால் பையனுக்கு இரண்டு பங்கு. இன்னொன்று 'தர்பூசணி வெட்டு'. எல்லாருக்கும் சம துண்டு. நம் நண்பர் வீட்டில் தர்பூசணி, பிள்ளைகள் மூன்று பேர். ஆளுக்கு 33 சென்ட். அடுத்த தலைமுறைக்கு விதைதான் மிஞ்சும்.

அப்பாவுக்கு முதுகு வளையவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் 'மாரோ'வுக்கு விட்டிருக்கிறார். மாரோ என்றால் விளைச்சலில் பாதிக்குப் பாதி. நம் பக்கத்து வாரம் மாதிரி. ஆக, ஒரு ஏக்கர் நெல்லில் பாதி.

என் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? "வித்துட்டு பேங்க்ல போட்டா, வட்டியே இந்த நெல்லைவிட அதிகமா வருமே?" என்றேன்.

"போட்டுப் பார்த்தாச்சு மாஸ். கணக்கு சரிதான். என் தங்கையும் அதைத்தான் சொல்றா. அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க, படிக்க வைக்கணும். நீங்களே வாங்கிக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

முடியாது. அங்கே விவசாய நிலத்தின் முழு உரிமை அந்நாட்டுக் குடிமகனுக்கு மட்டும்தான். 1960 நிலச் சட்டப்படி, வெளிநாட்டுக்காரனுக்கு அது வாரிசாக வந்து சேர்ந்தால்கூட ஒரு வருஷத்துக்குள் கைவிட்டாக வேண்டும். என் பர்ஸுக்கும் அந்தச் சட்டத்துக்கும் பரிபூரண சம்மதம்.

அப்புறம் அவர் தூபான் கதையைச் சொன்னார். கிழக்கு ஜாவாவில் கடலோர ஜில்லா. அங்கே சுமுர்கெனெங் என்ற கிராமத்து நிலத்தை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காக வாங்கினார்கள். 2021-ல் நஷ்டஈடு கைக்கு வந்ததும் கிராமத்தார் புதுசாக வாங்கிய கார்கள் 176 என்று செய்தி. வரிசையாக லாரியில் கார்கள் வந்து இறங்கிய வீடியோ தேசமெங்கும் ஓடியது. எல்லாரும் பொறாமைப்பட்டார்கள். ஒரு வருஷம் போயிற்று. 2022 ஜனவரியில் அதே பக்கத்து ஜனங்களில் சிலர் வேலை கேட்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நிலம் போய்விட்டது, செலவுக்கு மாட்டை விற்கிறோம் என்றார்கள்.

"எங்க ஜில்லாவிலயும் புது டோல் ரோடு வந்திருக்கு. 2024-ல திறந்தாங்க. புரோக்கர் வாராவாரம் வர்றார்" என்றார் நண்பர். கொஞ்ச நேரம் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"2020-ல கொரோனா வந்தப்ப கம்பெனியில சம்பளம் இல்லாத லீவுன்னாங்க. நாலு மாசம் இங்கதான் இருந்தேன். அரிசிக்கு யார்கிட்டயும் கை நீட்டலை. பேங்க்ல பணமா இருந்திருந்தா, ரெண்டாவது வருஷமே உடைச்சு பைக் வாங்கியிருப்பேன் மாஸ். நிலத்தை உடைக்கணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும். மூணு பேர் ஒத்துப்போறதுக்குள்ள புத்தி தெளிஞ்சுடும்."

எந்த அக்கவுண்டன்சி புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை. சட்டென்று விற்க முடியாத சொத்து மட்டம் என்றுதான் சொல்லித் தந்தார்கள். சட்டென்று விற்க முடியாததே அதன் மதிப்பு என்கிறார் ஒரு குரேம் விவசாயியின் மகன். வீடு லாரி ஏறுகிறது, பிள்ளைகள் ரயில் ஏறுகிறார்கள். எல்லாரும் திரும்பி வர ஏதாவது ஒன்று நகராமல் இருக்க வேண்டுமல்லவா?

ஆனால் தங்கை சொல்வதும் தப்பில்லை. 33 சென்ட் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டாது. அது அவருக்கும் தெரியும்.

'சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சேர்ந்திருப்பதே முக்கியம்' என்று ஜாவாவில் ஒரு பழமொழி. நடைமுறையில் அவர்கள் சேர்ந்திருப்பது வருஷத்துக்கு ஒரு வாரம்தான். 'லெபாரன்' என்ற ரம்ஜான் பெருநாளுக்கு நகரத்திலிருந்து கோடிக்கணக்கான பேர் ஊர் திரும்புவார்கள். மனைவி, குழந்தை, மூட்டை எல்லாம் ஒரே பைக்கில் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

அடுத்த லெபாரனுக்கு மூன்று பிள்ளைகளும் வருகிறார்கள். புரோக்கரும் வருவாராம், வாழ்த்துச் சொல்ல. அப்பா இதுவரை வாயே திறக்கவில்லை. கத்தி அவர் கையில்தான் இருக்கிறது. தர்பூசணியும்தான்.