வாழத் தகாத ஊர், பார்க்கத் தகுந்த ஊர்

தனுஷ்கோடியைப் பற்றிய பயணக்கட்டுரைகள் அனைத்தையும் ஒரே ஆள்தான் எழுதுகிறாரோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. இடிந்த தேவாலயம், மணல் மூடிய இரயில் நிலையம், இருபுறமும் கடல், நடுவில் அந்தி, இறுதியில் காலத்தைக் குறித்து ஒரு பெருமூச்சு. சிற்றிதழ்களும் இதற்கு விலக்கல்ல. 'அழிந்த நகரம்' என்று பெயர் சூட்டியாயிற்று. அழிந்த நகரத்தில் அடுப்பு புகைந்தால் கட்டுரைக்கு இடைஞ்சல். ஆகவே அங்கே வாழ்பவர்கள் கட்டுரைக்குள் வருவதில்லை.

ஆனால் வாழ்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலுக்குப் பின் அவ்விடத்தை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்களோ அங்கேயே ஓலைக்குடிசை கட்டி, மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்து, கடலை நம்பிக் காலம் தள்ளின. 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. அந்தச் சாலையோடு குடிசைகளுக்கு மின்கம்பி வரவில்லை. வாழத் தகாத மண், வாகனம் நிறுத்திப் படமெடுக்கத் தகுந்ததாக ஆனது எப்படி?

தமிழ் படித்த நமக்கும் இதில் பங்குண்டு. நெய்தலுக்கு எற்பாடு பொழுது, இரங்கல் உரிப்பொருள் என்று வகுப்பறையில் சொல்லித் தருகிறோம். பரதவரும் நுளையரும் வலையும் உப்பும் மீனும் அத்திணையின் கருப்பொருள் என்பதையும் அதே வகுப்பில்தான் சொல்கிறோம். தனுஷ்கோடிக்குப் போனவுடன் அந்தியையும் இரங்கலையும் எடுத்துக்கொண்டு பரதவரை விட்டுவிடுகிறோம். ஆளில்லா நிலம் என்ற இந்தச் சித்திரம் திட்டம் தீட்டுபவருக்கு எவ்வளவு வசதியானது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

'அந்த மக்களே சங்குமாலையும் பொரித்த மீனும் விற்றுப் பிழைக்கிறார்களே, அவர்களுக்குச் சுற்றுலாவில் என்ன மனக்குறை?' என்று கேட்பவர்கள் உண்டு. கடை போட்டிருப்பதாலேயே ஒப்புதல் தந்துவிட்டார்கள் என்றாகாது. ஆடித்தபசுக்கு எங்கள் சங்கரன்கோவிலுக்குப் பெருங்கூட்டம் வருகிறது. நாங்களும் மகிழ்கிறோம், வியாபாரமும் நடக்கிறது. கூட்டம் கலைந்தபின் எங்களை யாரும் ஊரைவிட்டுப் போகச் சொல்வதில்லை. விருந்தினரை வரவேற்க ஒருவன் முதலில் வீட்டுக்காரனாக இருக்க வேண்டும். பட்டா இல்லாதவனிடம் போய் 'சுற்றுலாவை ஆதரிக்கிறாயா, எதிர்க்கிறாயா' என்று கேட்பது நேர்மையான கேள்வி ஆகாது. 2021இல் வளர்ச்சி ஆணைய வரைவு ஒழுங்குமுறை வந்தபோது இலட்சத்தீவு மக்கள் கொதித்தெழுந்தது பயணிகளின் மீதுள்ள வெறுப்பினால் அல்ல. தங்கள் நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அதில் இருந்தது என்பதனால்.

இராமேசுவரம் தீவின் மறுகோடியான பாம்பன் பக்கம் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அத்தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கைகளால் பாசி எடுத்து வந்த பெண்கள் அத்துமீறி நுழைபவர்களாக மாறினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் அறவே எடுப்பதில்லை என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள் இவர்கள். அதே பூங்காவைச் சேர்ந்த குருசடைத்தீவுக்கு வனத்துறையே குந்துகாலிலிருந்து சுற்றுலாப் படகு விட்டது. பாசிக்காரியின் காலடியில் நொறுங்கும் பவளப்பாறை பயணியின் காலடியில் மட்டும் நொறுங்காதா? இயற்கையைக் காப்பது நோக்கமானால் விதி இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

சாலை கூடாது, பயணிகள் வரக்கூடாது என்பதல்ல என் வாதம். குடியிருப்பவனுக்குப் பட்டா, விளக்கு, குடிநீர், தொழில் செய்யும் கடல். அதன் பிறகே வாகன நிறுத்தமும் விடுதியும். இந்த வரிசை தலைகீழாகும்போது எதிர்க்க வேண்டியது எழுதுகிறவர்களின் கடமை. அடுத்த முறை தனுஷ்கோடிக் கட்டுரை எழுத உட்காரும் நண்பர், இடிந்த தேவாலயத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கட்டும். ஊற்றுத் தோண்டுகிற பெண்ணிடம் உட்கார்ந்து பேசி மற்றப் பத்திகளை எழுதட்டும்.