அப்பார்ட்மென்ட்டில் அநாதையாக நிற்கும் கார்... எடைக்குப் போட்டால் என்ன ஆகும்?

சென்னையில் கொஞ்சம் பழைய அப்பார்ட்மென்ட் எதற்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். நாலு டயரிலும் காற்று இறங்கி, கண்ணாடி முழுக்கத் தூசி படிந்த ஒரு கார். பக்கத்தில் சீட் கிழிந்த ரெண்டு பைக். `யாரோடது?' என்று கேட்டால், `முன்னாடி குடியிருந்தவரோடதுங்க, காலி பண்ணிட்டுப் போயிட்டார்' என்பார் வாட்ச்மேன். அசோசியேஷன் மீட்டிங்கில் வருஷா வருஷம் பேசுவார்கள். வண்டி மட்டும் அசையாது.

பார்க்கிங் இடம் போகிறது என்பது மட்டும் பிரச்னை இல்லை. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடிய 3 குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். பூட்டாத பழைய கார், குழந்தைகளுக்கு விளையாட்டு வீடு மாதிரிதான் தெரியும். போதாததற்கு, டயரில் தேங்கும் மழைத்தண்ணீர் டெங்கு கொசுவுக்கு வசதியான இடம்.

அப்புறம் ஏன் யாராலும் நகர்த்த முடியவில்லை?

சட்டம் கேட் வரைக்கும்தான்!

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 127-வது பிரிவுப்படி, பொது இடத்தில் ஒரு வண்டி 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நின்றால், அதை இழுத்துச் செல்ல போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். செலவு வண்டி ஓனர் தலையில். ஆனால், `பொது இடம்' என்றால் பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள இடம். உங்கள் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட் அதில் வராது. ரோட்டில் 10 மணி நேரம் நிற்க முடியாத வண்டி, கேட்டுக்குள் 10 வருஷம் நிற்பது இப்படித்தான்.

சரி, 2021-ல் வந்த ஸ்கிராப் விதிகள்? பழைய வண்டியை அங்கீகாரம் பெற்ற மையத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புது வண்டியின் சாலை வரியில் சலுகை வாங்கலாம். ஆனால் அதெல்லாம் ஓனரோ, அரசு அமைப்போ கொண்டுவரும் வண்டிக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

`பேசாம காயலான் கடைக்குப் போட்டுடலாமா?' என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். துருப்பிடித்தாலும் அது அடுத்தவர் சொத்து. விற்றுக் காசாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவின்படி சொத்தைக் கையாடல் செய்ததாக வழக்கு பாயலாம். ஒருவேளை அது திருட்டு வண்டியாக இருந்தால், ஆதாரத்தை அழித்தவர் நீங்கள்!

முதலில் பேப்பர், அப்புறம்தான் வண்டி

தேதியோடு போட்டோ எடுங்கள். நம்பரை எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் எந்த ஆர்.டி.ஓ, இன்ஷூரன்ஸ் எப்போது முடிந்தது என்பது தெரியும். ஓனர் வாடகைக்கு இருந்தவர் என்றால், அந்த ஃபிளாட் உரிமையாளரிடம் வாடகை ஒப்பந்தம் இருக்கும். முகவரி, போன் நம்பர் அதில் கிடைக்கலாம். அந்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். அதன் நகலை வண்டியிலும் ஒட்டுங்கள்.

பதில் இல்லையா? எல்லா நகல்களோடும் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். திருட்டு வண்டி என்றோ, குற்றத்தில் தொடர்புள்ளது என்றோ சந்தேகம் வந்தால் போலீஸ் பறிமுதல் செய்யலாம். ஓனர் யாரென்று தெரியாவிட்டால் மாஜிஸ்திரேட் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோர 6 மாதம் அவகாசம். நீளமான வழிதான். ஆனால், பிற்பாடு ஓனர் வந்து `என் வண்டி எங்கே?' என்று கேட்டால், பதில் சொல்ல உங்கள் கையில் பேப்பர் இருக்கும்.

தண்ணீர் தேங்குகிறதா? மாநகராட்சி சுகாதாரப் பிரிவையும் கூப்பிடலாம். தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் 1939, தனியார் இடத்துக்குள்ளும் செல்லும். ஒரு விஷயம்: கொசு உற்பத்திக்கான நோட்டீஸ் இடத்துக்காரர் பெயருக்கே வரலாம். அதனால், தண்ணீரை முதலில் நீங்களே கொட்டிவிடுங்கள்.

இதைவிடச் சுலபம், வராமல் தடுப்பது. வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிங் ஸ்டிக்கரைப் புதுப்பிக்கச் சொல்லலாம். காலி செய்பவரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன், `வண்டியை எடுத்தாச்சா?' என்று ஹவுஸ் ஓனர் கேட்டாலே பாதி பிரச்னை தீரும்.

அந்த ஓனர் நீங்களாகவும் இருக்கலாம்!

வேலை மாறி பெங்களூரு போனபோது பழைய வீட்டில் விட்ட பைக் ஞாபகம் இருக்கிறதா? ஆர்.சி பெயரை மாற்றாமல் நண்பரின் நண்பருக்கு விற்ற ஸ்கூட்டர்? ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் மறந்த வண்டியை வேறு யாரோ எடுத்து ஓட்டினால், போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

இன்றைக்கே ஒரு போன் போட்டு, அந்த வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று விசாரித்துவிடுங்கள்.